கல்லூரி முதலாண்டில் திரிகோணமிதி: லங்காப் வட்டார மாணவர்கள் கேட்கும் கேள்விகள்

ஐந்தாம் படிவத்தோடு பள்ளியை முடிக்கும்போது எழுதும் எஸ்பிஎம் தேர்வின் முடிவு வந்ததும் மெட்ரிகுலேஷன், ஆறாம் படிவம், போலிடெக்னிக், தனியார் கல்லூரியின் அடிப்படைப் படிப்பு என்று பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் போய்விடுகிறார்கள். போன இடத்தில் முதல் பருவத்திலேயே எல்லாரும் முட்டிக்கொள்வது திரிகோணமிதியில்தான். மலேசியாவின் பேராக் மாநிலத்தில் லங்காப்பிலும் தெலுக் இந்தான் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலும் இருந்து என் மாலை வகுப்புக்கு வருகிறவர்களும் அவர்களைப் பெற்றவர்களும் கேட்பவற்றைக் கீழே தொகுத்திருக்கிறேன். தெரியாத கோணத்தைக் ‘க’ என்றும், இரண்டு கோணங்கள் வருமிடத்தில் ‘அ’, ‘ஆ’ என்றும் குறித்திருக்கிறேன்.

பள்ளியில் திரிகோணமிதி நன்றாகத்தான் போட்டேன். கல்லூரியில் மட்டும் ஏன் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் இருக்கிறது?

பள்ளியில் நீங்கள் படித்தது முக்கோணத்தை. கல்லூரி கேட்பது வட்டத்தை. மூன்றாம் படிவத்தில் எதிர்ப்பக்கம், அடுத்துள்ள பக்கம், கர்ணம் ஆகியவற்றை வைத்து விகிதம் எழுதப் பழகினீர்கள். நான்காம் படிவக் கூடுதல் கணிதத்தில் சைன் விதியும் கோசைன் விதியும் வந்தன. ஐந்தாம் படிவத்தில் ரேடியனும் சார்புகளின் வரைபடமும் வந்தபோது எஸ்பிஎம் வாசலுக்கே வந்துவிட்டது. பாதிப் பேர் அந்தப் பாடங்களைப் புரட்டிப் பார்த்ததோடு சரி. விரிவுரையாளரோ அங்கிருந்துதான் தொடங்குகிறார்.

200 பாகைக்கு சைன் என்ன என்று கேட்டால், செங்கோண முக்கோணத்துக்குள் அது எங்கே அடங்கும்? அடங்காது. ஆகவே வரையறையையே மாற்ற வேண்டும். தாளில் ஆரம் 1 உள்ள ஒரு வட்டம் வரையுங்கள். மையம் ஆதிப்புள்ளியில் இருக்கட்டும். வலப்பக்கக் கிடை அச்சில் தொடங்கி, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் க கோணம் சுற்றி நில்லுங்கள். நின்ற புள்ளியின் கிடைத் தூரம் கோஸ் க. நெடுக்குத் தூரம் சைன் க. டான் க என்பது இரண்டாவதை முதலாவதால் வகுத்தது. இவ்வளவுதான்.

இப்போது 200 பாகை சுற்றுங்கள். 180-ஐத் தாண்டி இன்னும் 20 பாகை. புள்ளி இடப்பக்கம் கீழே நிற்கிறது. ஆகவே கிடைத் தூரமும் நெடுக்குத் தூரமும் கழித்தல் குறியோடு வரும்: சைன் 200° = −சைன் 20° = −0.342; கோஸ் 200° = −0.940. அதே படத்தில் இன்னும் பல விடைகள் கிடக்கின்றன. ஆரம் 1 என்பதால் பித்தாகரஸ் தேற்றப்படி சைன்² க + கோஸ்² க = 1. ஒரு சுற்று முடிந்தால் தொடங்கிய இடத்துக்கே வருவதால் 360 பாகைக்கு ஒரு முறை மதிப்புகள் திரும்புகின்றன. 90 பாகையில் கிடைத் தூரம் பூஜ்ஜியம். பூஜ்ஜியத்தால் வகுக்க முடியாததால் டான் 90° இல்லை. எதையும் நெட்டுருப் போட வேண்டியதில்லை. முதல் வாரத்தில் வேறு ஒன்றும் படிக்காவிட்டாலும் இந்த வட்டத்தை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு வரையும் அளவுக்குப் பழகிவிடுங்கள்.

எந்தக் கால்வட்டத்தில் எது கூட்டல், எது கழித்தல் என்பதற்கு ஒரு மனப்பாட வாசகம் சொல்லித்தந்தார்கள். போதுமா?

குறியைச் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. வலப்பக்கம் நின்றால் கோஸ் கூட்டல், மேலே நின்றால் சைன் கூட்டல். வாசகமே வேண்டாம்.

சூத்திரப் பட்டியல் இரண்டு பக்கம் இருக்கிறது. அத்தனையையும் மனப்பாடம் செய்ய வேண்டுமா?

மூன்று போதும். முதலாவது, சைன்² க + கோஸ்² க = 1. இரண்டாவது, சைன்(அ + ஆ) = சைன் அ கோஸ் ஆ + கோஸ் அ சைன் ஆ. மூன்றாவது, கோஸ்(அ + ஆ) = கோஸ் அ கோஸ் ஆ − சைன் அ சைன் ஆ.

மீதி எல்லாம் இவை பெற்ற பிள்ளைகள். முதலாவதைக் கோஸ்² க-வால் வகுத்தால் டான்² க + 1 = செக்² க. சைன்² க-வால் வகுத்தால் 1 + கொட்² க = கோசெக்² க. (செக் என்பது 1/கோஸ், கோசெக் என்பது 1/சைன், கொட் என்பது கோஸ்/சைன்.) இரண்டாவதிலும் மூன்றாவதிலும் ஆ-வுக்குப் பதில் −ஆ போட்டால் கழித்தல் சூத்திரங்கள். ஆ-வுக்குப் பதில் அ போட்டால் இரட்டைக்கோணச் சூத்திரங்கள்: சைன் 2அ = 2 சைன் அ கோஸ் அ; கோஸ் 2அ = கோஸ்² அ − சைன்² அ. இந்தக் கடைசியை முதலாவதோடு சேர்த்தால் கோஸ் 2அ-வுக்கு இன்னும் இரண்டு வடிவங்கள் கிடைக்கும். அவை அடுத்த பருவத்தில் தொகையிடலுக்குக் கட்டாயம் வேண்டும்.

பட்டியலைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பதைவிட வெறுந்தாளில் இந்த மூன்றையும் எழுதி, மீதியைத் தினம் ஒருமுறை வருவித்துப் பாருங்கள். சில கல்லூரிகள் தேர்வில் சூத்திரத்தாள் தருகின்றன. அது கையில் இருந்தும் எந்தச் சூத்திரத்தை எடுப்பதென்று தெரியாமல் விழிக்கிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். வருவித்துப் பழகியவர்களுக்கு அந்தச் சங்கடம் வருவதில்லை.

சிறப்புக் கோணங்களுக்கு ஒரு குறுக்குவழி உண்டு. 0, 30, 45, 60, 90 பாகைகளின் சைன் மதிப்புகள் வரிசையாக √0, √1, √2, √3, √4. ஒவ்வொன்றையும் 2-ஆல் வகுக்க வேண்டும். கோஸ் மதிப்புகள் இதே வரிசை தலைகீழாக.

சைன்(அ + ஆ)-வைப் பிரித்து சைன் அ + சைன் ஆ என்று எழுதினால் ஏன் சுழியம் போடுகிறார்கள்?

இரண்டிலும் 30 பாகை போட்டுப் பாருங்கள். சைன் 60° = 0.866. சைன் 30° + சைன் 30° = 1. சைன் என்பது அடைப்புக்குறியைப் பெருக்கும் எண் அன்று. உள்ளே போகும் கோணத்தை வாங்கி வேறொரு எண்ணைத் திருப்பித் தரும் சார்பு. இதே குடும்பத்துப் பிழைகள் இன்னும் இரண்டு. சைன்² க என்றால் சைன் மதிப்பை எடுத்து வர்க்கமாக்குவது, கோணத்தை வர்க்கமாக்குவது அன்று. சைன்⁻¹ என்றால் நேர்மாறு சார்பு. 1-ஐச் சைனால் வகுப்பது கோசெக். இந்த இரண்டாவது குறியீட்டில் மேலே இருக்கும் −1 அடுக்கு போலவே தெரிகிறது. குழப்பம் மாணவர்களுடையது மட்டுமில்லை, குறியீட்டுக்கும் அதில் பங்கு உண்டு.

பாகையே வசதியாக இருக்கும்போது ரேடியன் எதற்கு?

360 என்பது மனிதர் வைத்துக்கொண்ட எண். ரேடியன் வட்டத்திலிருந்தே வருவது: ஆரத்தின் அளவுக்கு ஒரு வில்லை வட்டத்தின் மேல் வளைத்து வைத்தால் மையத்தில் உண்டாகும் கோணம் 1 ரேடியன், ஏறத்தாழ 57.3 பாகை. அரை வட்டத்துக்குப் பை ரேடியன். இதனால் வில்லின் நீளம் என்பது ஆரத்தையும் கோணத்தையும் பெருக்கினால் வந்துவிடுகிறது.

தெலுக் இந்தான் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 4 பாகையில் இருக்கிறது. நிலநடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தூரம்? 4 பாகையைப் பையால் பெருக்கி 180-ஆல் வகுத்தால் 0.0698 ரேடியன். பூமியின் ஆரம் 6,371 கிலோமீட்டர். பெருக்கினால் 445 கிலோமீட்டர்.

உண்மையான காரணம் நுண்கணிதத்தில் இருக்கிறது. சைன் வரைபடம் பூஜ்ஜியத்தைக் கடக்கும் இடத்தில் அதன் சரிவு, ரேடியனில் அளந்தால் மிகச் சரியாக 1. பாகையில் அளந்தால் 0.01745. சைனின் வகைக்கெழு கோஸ் என்று அடுத்த பருவத்தில் சொல்வது ரேடியனில் மட்டுமே உண்மை. பாகையிலேயே பிடிவாதமாக நிற்பவர் ஒவ்வொரு வரியிலும் பை/180-ஐ இழுத்துக்கொண்டு திரிய வேண்டியிருக்கும்.

கால்குலேட்டர் தவறான விடை தருகிறது. பழுதா?

பெரும்பாலும் இல்லை. கூடுதல் கணிதத்துக்கு வாங்கிய அதே கேசியோ போதும். திரையின் மேல்வரியில் சின்னதாக ஓர் எழுத்து இருக்கும். டி என்றால் பாகை, ஆர் என்றால் ரேடியன், ஜி என்றால் செங்கோணத்தை நூறாகப் பிரிக்கும் கிரேடியன். அதைக் கண்டுபிடிக்க மெனுவைத் தோண்ட வேண்டாம். சைன் 30 தட்டுங்கள். 0.5 வந்தால் பாகை. −0.988 வந்தால் ரேடியன். 0.454 வந்தால் யாரோ விளையாடியிருக்கிறார்கள், கிரேடியனில் நிற்கிறது. தேர்வு மண்டபத்தில் உட்கார்ந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை இது. கேள்வியில் பாகைக் குறி இல்லாமல், கோணத்தின் எல்லை 0 முதல் 2 பை வரை என்று இருந்தால் ரேடியனுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

சமன்பாடு போட்டால் எனக்கு ஒரு விடை வருகிறது. விடைப்பக்கத்தில் நான்கு இருக்கின்றன. மற்றவை எங்கிருந்து வருகின்றன?

இந்தப் பாடத்தில் மதிப்பெண் அதிகம் கொட்டிப்போகும் இடம் இது. கொஞ்சம் நின்று பார்ப்போம்.

கால்குலேட்டரில் சைன்⁻¹ 0.5 தட்டினால் 30 என்கிறது. அது −90 முதல் 90 வரை உள்ள ஒரே ஒரு விடையைத்தான் சொல்லும். அதன் வேலை அவ்வளவே. வட்டத்தைப் பாருங்கள்: நெடுக்குத் தூரம் 0.5 ஆகும் புள்ளி வலப்பக்கம் ஒன்று, அதே உயரத்தில் இடப்பக்கம் ஒன்று. இடப்பக்கத்தது 150 பாகை. கிடைத்த ஒரு விடையை வட்டத்தில் குறித்து, மற்றப் புள்ளியை நீங்கள்தான் தேட வேண்டும்.

அடுத்தது எல்லை. 0 முதல் 360 பாகைக்குள் சைன் 2க = 0.5 என்று கேட்டால், க ஒரு சுற்றுச் சுற்றும்போது 2க இரண்டு சுற்றுச் சுற்றுகிறது. ஆகவே முதலில் எல்லையை இரட்டிப்பாக்கி 720 வரை போங்கள்: 2க = 30, 150, 390, 510. பிறகுதான் இரண்டால் வகுக்க வேண்டும்: 15, 75, 195, 255. முதலில் வகுத்துவிட்டு எல்லையைத் தேடியவருக்கு இரண்டு விடைதான் கிடைக்கும். பாதி மதிப்பெண் போயிற்று.

மூன்றாவது வகை இன்னும் ஏமாற்றும். சைன் 2க = சைன் க. இடப்பக்கத்தை விரித்தால் 2 சைன் க கோஸ் க = சைன் க. உடனே இருபுறமும் சைன் க-வை அடித்துவிடக் கை பரபரக்கும். அடிக்காதீர்கள். சைன் க பூஜ்ஜியமாகவும் இருக்கலாம். பூஜ்ஜியத்தால் வகுத்த கணம் அந்த விடைகள் சத்தமில்லாமல் காணாமல் போகும். எல்லாவற்றையும் ஒரு பக்கம் கொண்டுவந்து காரணிப்படுத்துங்கள்: சைன் க (2 கோஸ் க − 1) = 0. சைன் க = 0 தருவது 0, 180, 360. கோஸ் க = 0.5 தருவது 60, 300. ஆக ஐந்து. அடித்தவருக்கு இரண்டு.

உற்றுப் பார்த்தால் இங்கே தடுக்கியது திரிகோணமிதியே இல்லை, இயற்கணிதம். பின்னம், காரணிப்படுத்தல், இருபடிச் சமன்பாடு இவற்றில் தடுமாறுகிறவர் சைன், கோஸைத் திட்டிப் பயனில்லை. அவற்றைச் சரிசெய்ய நான்காம் படிவப் புத்தகமே போதும். கல்லூரிக்கு வந்த பிறகு பழைய புத்தகத்தைத் தொடுவதா என்ற கூச்சம்தான் பலருக்குத் தடை.

‘இடப்பக்கம் = வலப்பக்கம் என நிறுவுக’ வகைக் கேள்விகளில் எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை.

சிக்கலாக இருக்கும் பக்கத்தில் தொடங்குங்கள். எல்லாவற்றையும் சைன், கோஸாக மாற்றுங்கள். பின்னமிருந்தால் பொதுப் பகுதி எடுங்கள். டான் க + கொட் க = செக் க × கோசெக் க என்பதை எடுத்துக்கொள்ளலாம். இடப்பக்கம் சைன்/கோஸ் + கோஸ்/சைன். பொதுப் பகுதி எடுத்தால் மேலே சைன்² + கோஸ்², அதாவது 1. கீழே சைன் × கோஸ். முடிந்தது. ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு உறுப்புகளைத் தூக்கிப் போடாதீர்கள். நிறுவ வேண்டியதை முன்கூட்டியே உண்மை என்று வைத்துக்கொண்டதாக ஆகிவிடும். திருத்துபவர் அதைச் சும்மா விடமாட்டார்.

தெலுக் இந்தான் சாய்ந்த கோபுரத்தின் உயரத்தை டான் வைத்துக் கண்டுபிடிக்கலாமா?

நல்ல கேள்வி. 1885-இல் கட்டிய கோபுரம். வெளியிலிருந்து எட்டு மாடி போலத் தோன்றினாலும் உள்ளே மூன்றுதான். மேலே ஊருக்கான தண்ணீர்த் தொட்டி இருந்தது. உயரம் 25.5 மீட்டர் என்பது பலரும் அறிந்தது. நம் கேள்வி, அளந்தால் அது வருமா என்பது.

டான் போட வேண்டுமானால் தரைக்கும் கோபுரத்துக்கும் இடையே செங்கோணம் வேண்டும். சாய்ந்த கோபுரத்தில் அது இல்லை. கணக்குக்காக 26.5 மீட்டர் நீளமுள்ள ஒரு தூண் உங்கள் பக்கம் 5 பாகை சாய்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அடியிலிருந்து 40 மீட்டர் தள்ளித் தரைமட்டத்திலிருந்து பார்த்தால் உச்சி 35 பாகை ஏற்றக்கோணத்தில் தெரியும். யோசிக்காமல் 40 × டான் 35° போட்டால் 28 மீட்டர். ஒன்றரை மீட்டர் அதிகம்.

சரியான வழி: அடியில் உள்ள கோணம் 90 − 5 = 85. உங்கள் பக்கம் 35. ஆகவே உச்சியில் 180 − 85 − 35 = 60. சைன் விதிப்படி தூணின் நீளம் = 40 × சைன் 35° ÷ சைன் 60° = 26.5 மீட்டர். தூண் எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தால் அடிக்கோணம் 95 ஆகும். கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

நிமிர்ந்து நிற்கும் செம்பனை மரத்தை அளக்கும்போது வேறு ஒரு பொறி இருக்கிறது. நின்றுகொண்டு பார்த்தால் உங்கள் கண் தரையில் இல்லை. தரையிலிருந்து கண்வரை உள்ள உயரத்தைக் கடைசியில் கூட்ட மறந்தால் மரம் ஒன்றரை மீட்டர் குட்டையாகிவிடும்.

சைன் விதியைப் பற்றி ஓர் எச்சரிக்கையும் உண்டு. இரண்டு பக்கமும் அவற்றில் ஒன்றுக்கு எதிரே உள்ள கோணமும் தந்தால் இரண்டு முக்கோணங்கள் அமையக்கூடும். 30 பாகைக்கு எதிரே 6, இன்னொரு பக்கம் 10 என்றால், அந்தப் பக்கத்துக்கு எதிரே உள்ள கோணத்தின் சைன் 0.833. கோணம் 56.4 ஆகவும் இருக்கலாம், 123.6 ஆகவும் இருக்கலாம். 30-ஐக் கூட்டினாலும் 180-ஐத் தாண்டாததால் இரண்டும் செல்லும்.

நான் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பிழைத்தவள். மகன் கணக்குப் புத்தகத்தை விரித்தால் ஒன்றும் புரியவில்லை. நான் எப்படி அவனுக்கு உதவுவது?

அம்மா, அவன் படிக்கும் பாடம் உங்கள் கைக்கு முன்பே பழக்கம். புதிதாகத் திறக்கும் மரத்தில் கோடு போட மண்டோர் (தோட்ட மேற்பார்வையாளர்) கொண்டுவரும் தகடு நினைவிருக்கும். மரத்தின் பாதிச் சுற்றுக்கு, இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழாக, கிடைக்கு 30 பாகைச் சரிவில் அந்தக் கோடு இறங்கும். சரிவு குறைந்தால் பால் கோட்டில் ஓடாமல் பட்டையில் வழியும். கூடினால் பட்டை வீணாகும். இடமிருந்து வலமாக இறங்குவதற்கும் காரணம் உண்டு. பட்டைக்குள் பால்குழாய்கள் நேராக இல்லாமல் வலப்பக்கம் லேசாகச் சாய்ந்து ஏறுகின்றன. இப்படி வெட்டினால் கூடுதலான குழாய்கள் அறுபடும்.

இப்போது மகனிடம் கேளுங்கள்: மரத்தின் சுற்றளவு 50 சென்டிமீட்டர் என்றால் வெட்டுக்கோட்டின் நீளம் என்ன? பட்டையை உரித்துத் தட்டையாக விரித்ததாக நினைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பாதிச் சுற்று 25 சென்டிமீட்டர் அடிப்பக்கம், வெட்டுக்கோடு கர்ணம். 25-ஐக் கோஸ் 30°-ஆல் வகுத்தால் 28.9 சென்டிமீட்டர். கோடு எவ்வளவு கீழே இறங்கும்? 25 × டான் 30° = 14.4 சென்டிமீட்டர். விடை சரியா என்று பார்க்க உங்களுக்குக் கால்குலேட்டர் வேண்டாம்.

அதெல்லாம் பால்காட்டுக் காலம். இப்போது சுற்றிலும் செம்பனைதானே? அதில் எங்கே திரிகோணமிதி?

நிரை பிடிப்பதில். செம்பனையைச் சதுரமாக நடாமல் முக்கோணமாக நடுவதைக் கவனித்திருப்பீர்கள். பொதுவான இடைவெளி 9 மீட்டர். எந்த மரத்திலிருந்து பார்த்தாலும் பக்கத்து ஆறு மரங்களும் 9 மீட்டரில் நிற்கும். சமபக்க முக்கோணம் என்பதால் நிரைக்கும் நிரைக்கும் உள்ள தூரம் 9 × சைன் 60° = 7.8 மீட்டர். ஒரு மரத்துக்கு 9 × 7.79, அதாவது 70 சதுர மீட்டர் நிலம். ஒரு ஹெக்டேரில் 143 மரங்கள். அதே 9 மீட்டரில் சதுரமாக நட்டிருந்தால் 123 தான் கிடைத்திருக்கும். மரங்களை நெருக்காமலே ஹெக்டேருக்கு 20 மரம் கூட வருவது சைன் 60° செய்த வேலை.

மேட்டு நிலத் தோட்டங்களில் 25 பாகைக்கு மேற்பட்ட சரிவில் செம்பனை நடுவதைத் தவிர்க்க வேண்டும் என்பார்கள். 25 பாகையை 25 விழுக்காடு என்று எண்ணிவிட வேண்டாம். டான் 25° = 0.466, அதாவது கிடையாக 100 மீட்டர் நகர்ந்தால் 46.6 மீட்டர் ஏறும் நிலம். அங்கே குலை வெட்டியவர்களுக்கு வித்தியாசம் முழங்காலில் தெரியும்.

மின்னியல் டிப்ளோமாவில் முக்கோணமே வரவில்லை, அலைதான் வருகிறது. இதுவும் திரிகோணமிதியா?

ஆம், பாடத்தின் பெரிய பாதி அதுதான். வீட்டுப் பிளக்கில் வருவது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அலையின் உச்சம் 230 அன்று. 230 × √2, ஏறத்தாழ 325 வோல்ட். வினாடிக்கு 50 சுற்று என்பதால் கோணம் வினாடிக்கு 2 × பை × 50 = 314 ரேடியன் ஓடுகிறது. மின்னழுத்தம் 325 சைன்(314 × நேரம்) என்று எழுதப்படுவது அதனால்தான். வரைபடம் வரையும்போது முதலில் மூன்றைக் குறியுங்கள்: வீச்சு, அலைவு நேரம், எந்தப் பக்கம் எவ்வளவு நகர்ந்திருக்கிறது. புள்ளி புள்ளியாக அட்டவணை போட்டு வரைவது பள்ளிப் பழக்கம்; நேரத்தைத் தின்னும்.

இரண்டு அலைகளைக் கூட்டும் கணக்கும் வரும். 3 சைன் க + 4 கோஸ் க-வின் உச்சம் 7 என்று தோன்றும். இரண்டும் ஒரே நேரத்தில் உச்சத்தைத் தொடுவதில்லை என்பதால் அது 5. இந்தக் கூட்டலை 5 சைன்(க + 53.13°) என்று ஒரே அலையாக எழுதிவிடலாம்: 3², 4² கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 5, டான் மதிப்பு 4/3 உள்ள கோணம் 53.13°.

தமிழ்ப்பள்ளியில் தமிழ், இடைநிலைப்பள்ளியில் மலாய், கல்லூரியில் ஆங்கிலம். மூன்றாவது முறை எல்லாவற்றையும் முதலிலிருந்து கற்க வேண்டுமா?

கணக்கு அதேதான், கலைச்சொற்கள் ஒரு தாளுக்குள் அடங்கும், ஒரு வாரத்தில் பழகிவிடும். சறுக்குவது கேள்வியின் கட்டளைச் சொற்களில். ‘எக்ஸாக்ட் வேல்யூ’ கேட்டால் √3/2 என்றே விட வேண்டும், 0.866 என்று எழுதினால் மதிப்பெண் இல்லை. ‘ஹென்ஸ்’ என்று தொடங்கினால் முந்தைய பகுதியில் நிறுவியதைப் பயன்படுத்தித்தான் ஆக வேண்டும். வேறு வழியில் சரியான விடை கண்டாலும் முழு மதிப்பெண் தரமாட்டார்கள். பழைய தேர்வுத்தாள்களில் இந்தச் சொற்களை அடிக்கோடிட்டுப் படியுங்கள். நண்பர்களுக்குள் தமிழில் விளக்கிக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நிழலை வைத்து உயரம் அளக்கும் கணக்குகள் எங்கள் ஊர் வெயிலுக்கு ஒத்துவருமா?

காலையிலும் மாலையிலும் ஒத்துவரும். மார்ச், செப்டம்பர் வாக்கில் நண்பகலில் நிழலே அகப்படாது. நாம் நிலநடுக்கோட்டுக்கு 4 பாகை வடக்கே இருப்பதால் மார்ச் 21 வாக்கில் நண்பகல் சூரியன் 86 பாகை உயரத்தில் நிற்கும். நிமிர்ந்த 25.5 மீட்டர் கம்பத்தின் நிழல் 25.5 × டான் 4° = 1.8 மீட்டர்தான். மார்ச் இறுதியிலும், மீண்டும் செப்டம்பர் நடுப்பகுதிக்குச் சற்று முன்பும் சூரியன் நேர் உச்சிக்கே வந்துவிடும். நண்பகல் என்பது இங்கே பன்னிரண்டு மணி அன்று என்பதையும் கவனியுங்கள். நம் கடிகாரம் கிழக்கே 120 பாகை நெடுங்கோட்டுக்கு ஓடுகிறது. நாம் இருப்பது 101-இல். ஒரு பாகைக்கு 4 நிமிடம் வீதம் உச்சிப்பொழுது ஒன்றேகால் மணி வாக்கில்தான்.

இதையெல்லாம் யார் தொடங்கியது? படித்து யாருக்கு என்ன கிடைத்தது?

பலர், பல நூற்றாண்டுகள். 499-இல் ஆரியபட்டர் மூன்றேமுக்கால் பாகை இடைவெளியில் 24 சைன் மதிப்புகளுக்கான அட்டவணையைத் தந்தார். வானத்தைக் கணிக்க அது வேண்டியிருந்தது. நம் ஊர்ப்பக்கக் கதை ஒன்று: இந்தியாவை முக்கோணங்களாகப் பிரித்து அளந்த பெரும் நில அளவை, 1802-இல் சென்னைப் பரங்கிமலை அருகே வில்லியம் லாம்ப்டன் அளந்த ஓர் அடிக்கோட்டிலிருந்து தொடங்கியது. ஒரு பக்கத்தை மட்டும் தரையில் அளந்து, மீதியைக் கோணங்களால் கணக்கிட்டுக்கொண்டே போனார்கள். உங்கள் சைன் விதியேதான். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தில் கோணமானியை ஏற்றும்போது கயிறு அறுந்து, அது சுவரில் மோதிச் சேதமடைந்தது. அரை டன் கருவி. நீங்கள் சட்டைப்பையில் கால்குலேட்டர் வைத்துக்கொண்டு அலுத்துக்கொள்கிறீர்கள்.

முதல் தேர்வில் மகள் தோற்றுவிட்டாள். இந்தக் கணக்கு இல்லாத படிப்புக்கு மாற்றிவிடலாமா?

அவளுடைய விடைத்தாளைப் பார்க்காமல் முடிவு எடுக்காதீர்கள். பிழைகளைத் தரம் பிரியுங்கள்: இயற்கணிதத்தில் விழுந்தவை எத்தனை, ரேடியன் குழப்பத்தில் எத்தனை, தொடாமலே விட்டவை எத்தனை. முதல் இரண்டும் என்றால் ஒரு பருவ விடுமுறையில் சரிசெய்துவிடலாம். தொடாமல் விட்டவையே அதிகம் என்றால் அவள் எங்கே வகுப்பைத் தொலைத்தாள் என்று கேளுங்கள். விடுதியில் தனிமை, ஆங்கில விரிவுரையின் வேகம் என்று காரணம் வேறாக இருக்கலாம். பொறியியலோ இயற்பியலோ அவளே விரும்பி எடுத்திருந்தால் பொறுத்திருங்கள். ஊரார் சொன்னதற்காக நீங்கள் சேர்த்துவிட்டிருந்தால் மாற்றுவதில் தவறு ஒன்றும் இல்லை. கணக்குப் பதிவியலும் சட்டமும் படித்து நன்றாக இருக்கிறவர்கள் லங்காப்பிலேயே இருக்கிறார்கள்.

தேர்வில் கடைசிப் பத்து நிமிடம் மிச்சமிருந்தால் எதைச் சரிபார்ப்பது?

சமன்பாட்டு விடைகளை ஒவ்வொன்றாக முதல் வரியில் போட்டுப் பாருங்கள். இடையில் வர்க்கமாக்கியிருந்தால் போலி விடை ஒன்று நுழைந்திருக்கலாம். கேட்ட எல்லைக்கு வெளியே உள்ளவற்றை அடித்துவிடுங்கள். பாகையில் கேட்டதற்கு ரேடியனில் எழுதியிருக்கிறீர்களா என்று பாருங்கள். நிறுவல் கேள்வி நடுவில் நின்றிருந்தால் அதைத் திரும்பத் தொடாதீர்கள். எழுதிய வரிகளுக்கு உரிய மதிப்பெண் கிடைக்கும்.